துடைப்பம் யார் கையில், மணி யார் கையில்: தொடக்கப் பள்ளி மாணவர் மன்றங்கள் குறித்து

(கல்வி உரிமை குறித்த மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது தொடக்கப் பள்ளிகளில் மாணவர் மன்றம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் தங்கள் பள்ளியைப் பற்றிக் கூடிப் பேசவும், பேசியதற்குப் பெரியவர்களிடம் பதில் கேட்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பதுதான் பேச்சு. தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆணவக்கொலை இருக்கு, பஞ்சமி நிலம் இருக்கு. நீ போய் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எலெக்‌ஷன் வைக்கிறதப் பத்திப் பேசப் போறியா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு வீடு ஒரே சாதியால் ஆனது. தெருவும் அப்படித்தான். வேறு சாதிக் குழந்தையின் பக்கத்தில் ஒரு குழந்தை நாள் முழுக்க உட்காரும் முதல் இடம் தொடக்கப் பள்ளி. யார் எங்கே உட்காரலாம், யார் குடத்தில் மொண்டு குடிக்கலாம், யாரை ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார், யாரை "ஏய்" என்பார் என்பதையெல்லாம் அங்கே பார்த்துப் பார்த்துத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம் என்று அச்சிட்டிருக்கும். அதை வாசிக்கத் தெரிவதற்கு முன்பே மற்ற பாடம் முடிந்துவிடுகிறது.

பாபாசாகேப் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருப்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிப் பியூன் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் இல்லை என்றால் தண்ணீர் இல்லை. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெரியவர்கள். அந்த வகுப்பில் இருந்த ஒரு குழந்தையிடமாவது "இது சரியா?" என்று கேட்டிருப்பார்களா? கேட்கும் வழக்கம் அன்று இல்லை. இன்றும் அநேகமாக இல்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

"ஏன் இல்லை? எங்கள் பள்ளியில் குழந்தைகள் பாராளுமன்றம் இருக்கிறதே" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். பல பள்ளிகளில் பிரதமர், கல்வி அமைச்சர், சுகாதார அமைச்சர் என்று சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற பெயரில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரித்துத் தலைவர்களையும் வைத்திருக்கிறார்கள். நல்லது. அந்தப் பட்டியலுக்குள் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் ஆய்வுக்காகத் தொடக்கப் பள்ளிகளில் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பள்ளியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிரதமர், ஊரில் செல்வாக்குள்ள வீட்டுப் பெண். கல்வி அமைச்சர், நன்றாக வாசிக்கும் பையன். மணி அடிக்கிற வேலையும் அவனுக்குத்தான். சுகாதார அமைச்சர், காலனியிலிருந்து வரும் ஐந்தாம் வகுப்புப் பையன். "அமைச்சருக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "பெருக்கணும், பாத்ரூமுக்குத் தண்ணி ஊத்தணும்" என்றான். கல்வி அமைச்சர் எதையும் பெருக்குவதில்லை. ஆசிரியரிடம் கேட்டபோது, "அவனே ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டான் அந்தப் பதவிய" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பையன் கை தூக்கியிருப்பான். தனக்கு எது கிடைக்கும் என்று ஐந்து வருடத்தில் தெரிந்துகொண்டவன், கிடைக்கக்கூடியதைக் கேட்டு வாங்கியிருப்பான்.

1953-இல் ராஜாஜி அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. சட்டத்தில் அது போய் எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு பையன் கையில் மட்டும் நாள்தோறும் துடைப்பம் போய்ச் சேருகிற பள்ளியில் அது போகவில்லை, அமைச்சர் பட்டம் கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறது.

இது ஊர்த்தெரு, காலனி என்று இரண்டு பக்கப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியின் கதை மட்டுமல்ல. பல கிராமங்களில் வசதியுள்ள சாதிகளின் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இருப்பது பெரும்பாலும் பட்டியல் சாதிப் பிள்ளைகள். அங்கேயும் துடைப்பம் அருந்ததியர் வீட்டுப் பிள்ளையைத் தேடிப் போகிறதா என்று பாருங்கள். கோலம் போடுவதும் தண்ணீர் பிடிப்பதும் பெண் பிள்ளைகள் தலையில் விழுகிறதா என்று பாருங்கள்.

2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். பட்டியல் சாதி மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்பது புகார். அது எப்படி வெளியே தெரிந்தது? ஒரு சிறுவனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. எப்படிக் கொசு கடித்தது என்று அம்மா விசாரித்தபோதுதான் கழிப்பறை கழுவும் விஷயத்தை அவன் சொன்னான். காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்? அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வாய் திறந்து பேச ஓர் இடம் இருந்திருந்தால் ஒரு குழந்தை நோயில் விழும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

"மாணவர் மனசு பெட்டி இருக்கிறது, 14417 என்ற உதவி எண் இருக்கிறது, 1098 இருக்கிறது" என்று சொல்லலாம். எல்லாம் தேவைதான். ஆனால் இரண்டாம் வகுப்புக் குழந்தை தன் குறையை எழுதிப் பெட்டியில் போடுமா? அதன் கையெழுத்து யாருடையது என்று ஆசிரியருக்குத் தெரியாதா? எழுத்து கூடி வராத பிள்ளையும், கையில் போன் இல்லாத பிள்ளையும்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள். அவர்களுக்குத் தெரிந்த கருவி பேச்சு. பேசினால் காது கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வேண்டும்.

"பிள்ளைகள் சார்பில் ஆசிரியர்கள் பேசுகிறார்கள், பெற்றோர் பேசுகிறார்கள். போதாதா?" என்பது அடுத்த கேள்வி. இந்த வாதத்தை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம். 1919-இல் வாக்குரிமை குறித்து விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். மற்றவர்கள் நம் கருத்தை எடுத்துச் சொன்னால் போதும் என்பதை அவர் ஏற்கவில்லை. கருத்துக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது, அந்த மக்களே ஆளாக அங்கே உட்கார வேண்டும் என்றார். "உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்" என்பவர்களிடம் நம் இயக்கம் நூறாண்டாகச் சொல்லிவரும் பதில் அது. அதே பதிலை நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

பெரியவர்கள் பேசினால் என்ன ஆகும் என்பதற்குக் கரூர் மாவட்டத்தில் 2023-இல் நடந்ததைப் பாருங்கள். காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால், ஒரு பள்ளியில் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போக வேண்டி வந்தது. பெற்றோர் பேசினார்கள், அதிகாரிகள் பேசினார்கள், தொலைக்காட்சியில் நாமும் பேசினோம். பசித்த வயிற்றோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பது எந்தச் செய்தியிலும் என் கண்ணில் படவில்லை.

இப்போது தேர்தல் விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் மன்றம் என்றதும் எல்லோருக்கும் வாக்குப்பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. நம் வரலாறு தந்த தயக்கம் அது.

1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி போய், கூட்டுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடம் வந்தது. இடம் நமக்கு, ஆளைத் தீர்மானிப்பது பெரும்பான்மை. அது என்ன ஆகும் என்பதை ஊராட்சிகள் காட்டின. மேலவளவில் ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து 2006 வரை தலித் தலைவர் பதவியில் அமர்ந்து செயல்பட விடவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளின் தேர்தலை இதோடு ஒப்பிடுவது மிகை என்று தோன்றலாம். அந்தப் பிள்ளைகள் வாக்குச் சீட்டோடு வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருகிறார்கள் என்று யோசியுங்கள். முப்பது பிள்ளைகளில் நான்கு பேர் காலனிப் பிள்ளைகள் என்றால், தேர்தல் வைத்தால் அவர்களில் யார் ஜெயிப்பார்? மற்ற இருபத்தாறு பேருக்குப் பிடித்தவர், அதாவது எதையும் கேட்காதவர்.

ஆகவே குலுக்கல் என்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது. மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது. ஒரு சுற்று முடியும்வரை ஏற்கெனவே வந்தவர் பெயர் மீண்டும் வரக் கூடாது. முப்பது பிள்ளைகளில் மாதத்துக்கு ஐந்து பேர் என்றால் ஆறு மாதத்தில் எல்லாப் பிள்ளையும் மன்றத்தில் உட்கார்ந்திருக்கும். நன்றாகப் பேசுகிறவர், திக்கிப் பேசுகிறவர், வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும்.

இங்கே ஒருவர் உத்திரமேரூரை நினைவுபடுத்துவார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையைப் பெருமையாகப் பாடத்தில் வைத்திருக்கிறோம். அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவன். பெரியவர்கள் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சிறுவனின் கை தேவைப்பட்டது. அவனுக்கென்று ஒரு சொல் தேவைப்படவில்லை. நாம் குலுக்கலை எடுத்துக்கொள்வோம், தகுதிப் பட்டியலைக் கிழித்துப் போடுவோம்.

"ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்களுக்குச் சில உதாரணங்கள்.

போலந்தில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் 1912-இல் வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்தைப் பொறுப்பேற்றார். அங்கே குழந்தைகளின் நீதிமன்றம் இருந்தது. குழந்தைகளே நீதிபதிகள். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அந்த மன்றத்தின் முன் நின்றிருக்கிறார். அந்தச் சட்டத் தொகுப்பில் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பைப் பற்றியவை. 1942-இல் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு அவரும் அவர்களோடு போனார். பிறப்பின் பெயரால் மனிதர்களை ஒதுக்கிய ஒரு சமூகத்தில், ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அவர் நீதிமன்றம் வைத்துக் கொடுத்தார் என்பதை மறக்க வேண்டாம்.

ராஜஸ்தானின் திலோனியாவில் பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடந்தன. அந்தப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த குழந்தைகள் பாராளுமன்றம் 1990-களிலிருந்து பள்ளிகளைக் கண்காணித்தது. ஆசிரியர் வருகிறாரா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டது. கர்நாடகத்தில் வேலைக்குப் போகும் சிறுவர் சிறுமியர் சங்கமாகத் திரண்டார்கள், பீம சங்கம் என்று பெயர். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக வந்த குழந்தைகள் கிராம சபையை எல்லா ஊராட்சிகளிலும் நடத்தும்படி 2006-இல் கர்நாடக அரசு ஆணை போட்டது. கன்னடத்தில் அதன் பெயர் 'மக்கள கிராம சபை'. கன்னடத்தில் மக்கள் என்றால் குழந்தைகள். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. பெற்ற மக்கள், மக்கட்பேறு என்கிறோம். நம் கிராம சபையில் மட்டும் அந்த மக்கள் இல்லை.

ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்ஜெட் தெரியாது. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று தெரியும். முட்டை யாருக்குச் சிறியதாக வருகிறது என்று தெரியும். யாரை எப்போதும் கடைசியில் உட்கார வைக்கிறார்கள் என்று தெரியும். வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பேசவிட்டால் போதும். பேச வெட்கப்படுகிற பிள்ளை படம் வரையட்டும். புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு, வேண்டும், வேண்டாம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்தது, பதில். பேசச் சொல்லிவிட்டுக் காதில் வாங்காமல் இருப்பது பேசாதே என்பதைவிட மோசம். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யுனிசெஃபுக்காக 1992-இல் எழுதியபோது குழந்தைகளின் பங்கேற்பை ஓர் ஏணியாகக் காட்டினார். அதன் அடிமட்ட மூன்று படிகளில் பெரியவர்கள் குழந்தைகளைத் தங்களுக்கு வேண்டியதைச் சொல்ல வைப்பார்கள், அலங்காரமாக நிற்க வைப்பார்கள், பெயருக்குச் சேர்த்துக்கொள்வார்கள். நம் சார்ட் பேப்பர் அமைச்சரவைகள் அந்தப் படிகளில்தான் நிற்கின்றன. இங்கே வேல்ஸ் நாட்டைப் பார்க்கலாம். அங்கே 2005-இல் வந்த விதிப்படி தொடக்கப் பள்ளிகளிலும் மாணவர் மன்றம் கட்டாயம். ஆண்டுக்குக் குறைந்தது 6 முறை கூட வேண்டும். மன்றம் எதைச் சொன்னாலும் தலைமையாசிரியரும் நிர்வாகக் குழுவும் அதைப் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். முடியாது என்றாலும் முடியாது என்று சொல்ல வேண்டும். பதில் சொல்லும் கடமைதான் மன்றத்தை மன்றமாக்குகிறது.

நம்மிடமும் வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம். பாதிப் பேர் பெண்கள். மீதிக் கால் பங்கில் பள்ளிக் குழந்தைகளையும் சேர்க்க 2010-இன் மத்திய விதிகள் இடம் தருகின்றன. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவை இந்தியா 1992-லேயே ஏற்றுக்கொண்டது. புதுச் சட்டம் வேண்டி நாம் காத்திருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தாய் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். "பேசச் சொல்றீங்க. பேசிட்டு எங்க புள்ள எங்க போகும்?" இந்த உரையில் மிகக் கனமான கேள்வி இதுதான். நாங்குநேரியை நினைத்துக்கொண்டு கேட்கிறார். 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னார். அவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், உதவித்தொகை என்ற பெயரில் வகுப்பில் சாதியைச் சொல்லி எழுப்பக் கூடாது என்று பல பரிந்துரைகள்.

அந்தத் தாயின் கேள்விக்கு என் பதில் இது. தனியாகப் பேசிய பிள்ளையைத்தான் வெட்டினார்கள். புகார் என்றாலே ஒரு பெயர், ஒரு முகவரி என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். மன்றம் அதை மாற்றும். "அவன் சொன்னான்" என்பது "மன்றம் சொன்னது" என்று ஆகும். யார் எழுப்பினார் என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது, எதை எழுப்பினார்கள் என்று மட்டும் எழுத வேண்டும். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. "ஏன் அவன் மட்டும் பெருக்குகிறான்?" என்ற கேள்வியை எட்டு வயதில் ஊர்த்தெருப் பிள்ளையும் சேர்ந்து கேட்டுப் பழகினால், பதினேழு வயதில் அந்தப் பிள்ளையின் கை அரிவாளைத் தேடாமல் இருக்க ஒரு வாய்ப்பு உண்டு. அது நடந்தே தீரும் என்று நான் உறுதி தரவில்லை. பதினேழு வயதில் தொடங்கினால் தாமதம் என்பதை நாங்குநேரி காட்டிவிட்டது. ஆபத்தே இல்லை என்று அந்தத் தாயிடம் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் மன்றத்துக்குப் பக்கத்தில் பெரியவர்களும் நிற்க வேண்டும், இயக்கமும் நிற்க வேண்டும் என்கிறேன்.

ஆசிரியர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்று எத்தனையோ பள்ளிகள் ஓடுகின்றன. எமிஸ் பதிவுகளே அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. மன்றத்தையும் அவர்கள் தலையில் கட்டி, அதற்கும் புகைப்படம் ஏற்றச் சொன்னால் நாளையே சார்ட் பேப்பர்தான் வரும். வாரம் அரை மணி நேரம் பாட வேளையிலிருந்தே ஒதுக்க வேண்டும். புகைப்படம் கேட்கக் கூடாது.

தோழர்களே, நாம் இங்கிருந்து போய்ச் செய்யக்கூடியவை இவை. உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒரு வாரம் வேலைப் பட்டியலைப் பாருங்கள். யார் மணி அடிக்கிறார், யார் பெருக்குகிறார், யார் தண்ணீர் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் குப்பையை ஒதுக்கும் வேலை இருந்தால் அது எல்லாப் பிள்ளைக்கும் சுழற்சியில் வரட்டும். கழிப்பறை கழுவும் வேலை எந்தக் குழந்தைக்கும் கூடாது, அதற்கு ஊதியம் பெறும் பணியாளர் வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வையுங்கள்: குலுக்கல் முறையில் மாணவர் மன்றம், மன்றம் கேட்டதற்கு அடுத்த கூட்டத்துக்குள் பதில், பேசிய பிள்ளையின் பெயர் பதிவில் இல்லை. அந்தக் கூட்டத்தில் அது நிறைவேறாவிட்டால் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன. பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள், முன்வரிசையில் உட்காரட்டும்.